கார் இல்லாத டர்போ

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு வருடம் ஊரார் மாடிகளுக்கு நடுவே, இருட்டுக் குழிக்குள் நின்று வேலை பார்த்தவர். என்னைப் படிக்க வைத்ததும் அவர்தான். தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது ஒரே ஒரு பொருள். ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் எஞ்சினில் மாட்டினால் வேகத்தைக் கூட்டும் டர்போ. காரை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார். கார் வரவே இல்லை.

ஞாயிறுதோறும் பெட்டியைத் திறப்பார். தண்டு இறுகிவிடக் கூடாதென்று ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, உள்ளிருக்கும் சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டு மூடுவார். லிஃப்டுக்குச் செய்கிற பராமரிப்பு அதற்கும் நடந்தது.

போன மாதம் கண் டாக்டர் இனி வண்டியே ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"வித்துடலாம்மா," என்றார் அண்ணன். "ஆனா மாட்டி ஓட்டுறவங்க கைக்குத்தான் போகணும். புதுசுன்னு தெளிவா எழுதிடு."

இணையத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் விளம்பரம் எழுதினேன். 'கார் விற்றுவிட்டதால், பயன்படுத்தாத டர்போ விற்பனைக்கு.' உண்மையை எழுதக் கை வரவில்லை. அவரிடம் காட்டவும் இல்லை.

வாங்க வந்தவர் ஒரு பல் டாக்டர். எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து, போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தார். பிறகு விரலை விட்டு எடுத்தார்.

"யூஸ் பண்ணலைன்னு போட்டிருக்கீங்க. இது என்ன, தேனா?"

"நான் விட்ட எண்ணெய் சார். துருப்பிடிக்கக் கூடாதுன்னு," என்றார் அண்ணன்.

"கார் இருந்துச்சு, டர்போவும் இருந்துச்சு. ஒரு தடவைகூட மாட்டிப் பாக்கலையாக்கும்? யார் காதுல பூ சுத்துறீங்க?"

"எந்தக் கார்?"

டாக்டர் விளம்பரத்தைக் காட்டினார். அண்ணன் போனைக் கண்ணருகே பிடித்து மெதுவாகப் படித்தார். நான் எழுதியது என்று சொல்லியிருக்கலாம். மேசை விரிப்பின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"என்கிட்ட கார் கிடையாது சார். எப்பவுமே இருந்ததில்ல."

டாக்டர் ஒரு கணம் விழித்தார். பிறகு வெடித்துச் சிரித்தார். "கல்யாணமே ஆகல, புள்ளைக்கு ஸ்கூல்ல சீட்டு வாங்கி வச்சிருக்கீங்களே!"

நானும் சிரித்தேன். "அண்ணன் இப்படித்தான் சார்," என்று வேறு சொன்னேன். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

நம்பிக்கை வந்த டாக்டர் அன்றே வாங்கிக்கொண்டார். முதல் தடவை ஸ்டார்ட் செய்யும் முன் எண்ணெய் விட வேண்டும் என்று அண்ணன் இரண்டு முறை சொல்லி, பெட்டியைத் தானே தூக்கிப்போய்க் காரில் வைத்தார்.

திரும்பி வந்து கை கழுவும்போது கேட்டார். "கார் வித்துட்டேன்னு ஏம்மா எழுதின?"

"உங்களுக்கு வெட்கமா இருக்குமேன்னு..."

"எனக்கா?" என்றார். குழாயை மூடினார். துண்டை எடுத்துக் கொடுக்க நான் எழுந்தேன். அதற்குள் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.