பெற்றோர் கையொப்பம்

கையொப்பம் இல்லாமல் வந்தால் அடி விழும். என் சனிக்கிழமை வகுப்பில் இருந்த ஒரே சட்டம் அதுதான். வலியசாலையில் ஒரு வீட்டு மாடியில் எட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சாலைக் கடைத்தெருவிலும் ஆரியசாலையிலும் கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் மலையாளமும் ஆங்கிலமும். தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி. திருத்திய நோட்டை வீட்டில் காட்டிக் கையெழுத்து வாங்காத பிள்ளையின் விரல் முட்டியில், மரஸ்கேலைக் குறுக்காகத் திருப்பி ஒரு போடு போடுவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதற்குக் கண்டிப்பு என்று நானே பெயர் வைத்திருந்தேன்.

வார நாட்களில் எனக்கு அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்கும் வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், சபை மலர் என்று வந்துகொண்டே இருக்கும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பக்கத்தின் கடைசி வாக்கியத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக மேலே ஏறி வாசிக்க வேண்டும். அப்போது விஷயம் நம்மை இழுத்துக்கொண்டு போகாது, பிழை மட்டும் கண்ணில் நிற்கும். இதையே பிள்ளைகளுக்கும் பழக்கினேன். "கதையில மயங்காதீங்க மக்களே, கீழேர்ந்து மேல வாங்க" என்பேன்.

ஓணம் விடுமுறை முடிந்ததும், போய் வந்த பயணத்தை எழுதச் சொன்னேன். "நடந்தத மட்டும் எழுதணும். கைடு பாத்து எழுதினா எனக்குத் தெரிஞ்சிரும், கேட்டோ" என்று ஸ்கேலைக் காட்டி மிரட்டினேன். ஆரியசாலை இரும்புக்கடைக்காரரின் மகள், பத்து வயது, காரில் கன்னியாகுமரி போன கதையை ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். கீழிருந்து மேலாகப் பதினொரு பிழை பிடித்தேன். 'மிக நன்று' என்று போட்டு, பெற்றோர் கையொப்பத்துக்குக் கோடும் கிழித்துக் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை இடது கையில் மாவுக்கட்டோடு வந்தாள். மாடிப்படியில் விழுந்தாளாம். நான் கேட்கும் முன்பே நோட்டை நீட்டினாள். கோட்டின்மேல் கையெழுத்து இருந்தது. அழுத்திய அழுத்தில் பேனா தாளைக் கிழித்து அடுத்த பக்கத்துக்கும் இறங்கியிருந்தது. எனக்கு என்னவோ போலிருந்தது. அப்போதுதான் அந்தக் கதையை முதல் வரியிலிருந்து வாசித்தேன்.

'களியக்காவிளை தாண்டி அம்மா வழி தப்பாகச் சொன்னார். அப்பா காரை நிறுத்தினார். அம்மாவின் முடியைப் பிடித்து இழுத்துக் கதவில் இடித்தார். ஒரு பல் விழுந்தது. நான் அதை எடுத்துப் பென்சில் டப்பாவில் வைத்தேன். பிறகு கடல் பார்த்தோம். ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்.' அவள் 'இடிச்சாங்க' என்றுதான் எழுதியிருந்தாள். 'இடித்தார்' என்று சிவப்பு மையில் திருத்தியது நான்.

பிள்ளைகளை வீட்டுக்கார அம்மாவிடம் விட்டுவிட்டு நோட்டோடு ஆரியசாலைக்கு ஓடினேன். அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று யாருக்கோ கதவுக் கீல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளைக்க கைய ஒடிச்சது நீங்கதானா?"

அவர் குரல் கொஞ்சமும் உயரவில்லை. "டீச்சரே, நீங்க வாசிச்சு, திருத்தி, நன்றுன்னு எழுதித்தானே அனுப்புனீங்க? எங்க வீட்டுக் காரியத்த ஊருக்கு எழுதிக் குடுத்தா சும்மா விடுவேனா? போங்க, யாவாரத்தக் கெடுக்காதீங்க."

பதில் இல்லாதபோதெல்லாம் என் கைதான் முந்திக்கொள்ளும். மேஜையில் கிடந்த சுத்தியலை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் ஓங்கி அடித்தேன். இரண்டாவது அடிக்குள் அவர் தாவி வந்து என் மணிக்கட்டை முறுக்கினார். நான் அவர் கையைக் கடித்தேன். வாயில் ரத்தம் கரித்தது. அது அவருடையதா, கண்ணாடி கிழித்த என் உதட்டினுடையதா, இன்றுவரை தெரியாது. பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து பிரித்தார்கள். அந்தச் சுத்தியல் அவர் மண்டையில் இறங்கியிருக்க வேண்டும் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

போலீசைக் கூப்பிட்டது அவர்தான், என்னைப் பிடித்துக்கொடுக்க. ஸ்டேஷனில் நான் மேஜைமேல் நோட்டை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினேன். அன்று மாலையே அம்மாவையும் பெண்ணையும் வலியசாலையில் இருந்த சித்தி வீட்டுக்கு மாற்றினார்கள்.

மறுநாள் காலை ஒரு பெண் எஸ்.ஐ. சாதாரணச் சேலையில் அங்கே வந்தார். தமிழ் வாசிக்கத் தெரியாது என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார். அம்மா வாயே திறக்கவில்லை. பிள்ளையாவது நடந்ததைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இருவரும் அதே வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். அவளும் தலை குனிந்தே இருந்தாள். வாயால் சொல்ல முடியாவிட்டால் தமிழிலேயே எழுதட்டும் என்று எஸ்.ஐ. ஒரு தாளை நீட்டினார். "பறையான் பற்றில்லெங்கில் எழுதிக்கோ மோளே. தமிழாயாலும் மதி."

மாவுக்கட்டால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதினாள். முடித்ததும், நான் பழக்கியபடியே, கடைசி வாக்கியத்தில் விரலை வைத்துப் பிழை பார்க்க ஆரம்பித்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"வேண்டாம் மக்களே. மேலேர்ந்து வாசி. பிழை கெடந்தா கெடக்கட்டும்."

அவள் வாசித்தாள், எஸ்.ஐ. குறித்துக்கொண்டே வந்தார். அப்பா நோட்டைப் படித்தது, ஸ்டூலைத் தூக்கி அடித்தது, தடுக்கப் போன கை முறிந்தது, அம்மாவை அறைக்குள் போட்டுப் பூட்டியது. எல்லாம் ஒரே குரலில் வந்தது. முடிவில் இப்படி இருந்தது: 'நோட்டை அப்பாவிடம் காட்டப் பயமா இருந்தது. காட்டலைன்னா டீச்சர் ஸ்கேலால் அடிப்பாங்க. அதுவும் எல்லாரும் பார்க்கிற மாதிரி அடிப்பாங்க. அதனால் அப்பாவிடம் காட்டினேன்.'

எஸ்.ஐ.க்குத் தமிழ் வாசிக்கத்தான் தெரியாது, கேட்டால் புரியும். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அதையும் எழுதிக்கோங்க, மேடம்" என்றேன்.