அறுபது ஃபிரேமும் ஒரு பெண் பார்த்தலும்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் பூரணியைப் பெண் பார்க்க வந்தார்கள். கோபியிலிருந்து. பையன் நவீனுக்கு இங்கே கோவையில்தான் வேலை.

பூரணி இதுவரை வந்த வரன்களையெல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்தவள். எனக்கோ இந்தப் பையனைப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. இதுவும் கைநழுவிப் போய்விடக் கூடாதே என்று சாமியை வேண்டிக்கொண்டேன்.

"ரெண்டு பேரும் தனியா பேசட்டுமுங்க" என்று பக்கத்து அறைக்கு அனுப்பினோம். கதவு திறந்தேதான் இருந்தது. ஹாலில் நாங்கள் மழையைப் பற்றிப் பேசுவதுபோல் பாவனை செய்துகொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தோம். வேறென்ன செய்வோம்?

கொஞ்ச நேரத்தில் சத்தம் ஏறியது.

"பட்டனை அமுக்குனா உடனே சுடோணுமுங்க. இது திக்கித் திக்கி நிக்குது. அதுக்குள்ள எதிரி என்னையச் சுட்டுப்போடறான்!" — இது பூரணி.

"அந்த வெளிச்சத்தப் பாத்தீங்களா? நெழலு, தண்ணியில தெரியற பிம்பம்... எல்லாத்தையும் அந்தந்த நொடியே கணக்குப் போட்டு வரையுதுங்க. வேற எந்த கேமுக்கு இத்தன துணிச்சல் இருக்குது, சொல்லுங்க?"

"செத்துக் கெடக்கறவளுக்கு எதுக்குங்க அத்தன வெளிச்சம்? நொடிக்கு அறுபது ஃபிரேம் வரோணும். வரலீன்னா அது கேமே இல்லீங்க!"

ஏதோ வீடியோ கேம்! புதிதாக வந்த துப்பாக்கிச் சண்டை. படம் பிரமாதம், ஓட்டம் நொண்டி என்பது இவள் கட்சி. பெரிதாக ஆசைப்பட்டால் முதலில் கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும் என்பது அவர் கட்சி.

பையனின் அம்மா காபி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். என் கணவர் ஓடாத மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பேசுவதற்கு எத்தனை விஷயம் இருக்கிறது... இதற்கா சண்டை?

யோசித்துப் பார்த்தால் — மாப்பிள்ளை தேடும்போது நாங்களும் இதே கேள்வியைத்தானே கேட்டோம்? ஆள் பார்க்க ஜோராக இருக்கிறார், சரி. காலம் முழுக்கத் திக்காமல் ஓடுமா?

நவீன் கதவருகே வந்து நின்று தன் அம்மாவைப் பார்த்தார்.

"அம்மா, புது அப்டேட் போட்டா நல்லா ஓடும்னு சொன்னா இவங்க நம்ப மாட்டேங்கறாங்க. இவங்க கம்ப்யூட்டர்லயே போட்டுக் காட்டறேன்னு சொல்லிப்போட்டேனுங்க. டவுன்லோட் ஆக ரெண்டு மணி நேரமாகுமாம்... இங்கியே சாப்புட்டுப் போலாமுங்களா?"



எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் காபி குடிப்பார்கள், பலகாரம் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் சம்பந்தம் முடிவாகாமல் அந்த வீட்டுச் சாப்பாட்டில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். பையனுக்கு இது தெரியவில்லை, பாவம். கேமைத் தவிர அவர் நினைப்பில் ஒன்றும் இல்லை.

"கண்ணு, அப்படியெல்லாம் உடனே..." என்று அவர் அம்மா பதறிப்போய் இழுத்தார்.

பூரணிக்கு வழக்கம் நன்றாகவே தெரியும். நவீன் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டி என்னைப் பார்த்தாள்.

"அம்மா... எலை போடுங்க!"