எல்லாருக்கும் ஐந்து

கிளிநொச்சியில் ஒரு நுண்கடன் நிறுவனத்தின் கிளையில் வேலை செய்கிறேன். நாங்கள் ஏழு பேர். ஆண்டுக்கு ஒருமுறை தலைமை அலுவலகம் எங்களுக்குக் கேள்விப் படிவம் அனுப்பும். வேலை பிடித்திருக்கிறதா, சுமை அளவானதா என்று கேட்கும். ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி போட வேண்டும். அவரவர் தாமே நிரப்ப வேண்டும் என்பது விதி. வெளிவேலைக்குப் போகிறவர்களுக்கு அதற்கு நேரம் கிடைப்பதில்லை. நான் பிழை விடமாட்டேன் என்று பெயர் எடுத்தவள். அதனால் எல்லாருடையதையும் நானே நிரப்புவது வழக்கமாகிவிட்டது.

சென்ற ஆண்டு புதிதாக ஒரு கேள்வி இருந்தது: செயற்கை நுண்ணறிவு உங்கள் வேலையை இலகுவாக்கியுள்ளதா? அந்த மென்பொருள் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கடன் எடுத்தவர்களில் யாரை எந்த வரிசையில் போய்ப் பார்ப்பது என்று அதுதான் காலையில் தொலைபேசிக்குப் பட்டியல் அனுப்பும்.

என் பக்கத்து மேசைக்காரி அக்கராயன் பகுதிக்குப் போகிறவள். ஸ்கூட்டியில் ஏறியபடியே, "எனக்கும் போட்டுவிடுங்கோ அக்கா" என்றாள்.

"ஏஐக்கு எத்தினை போட?"

"மழைக்குக் குளக்கட்டால போகேலாதெண்டும் அதுக்குத் தெரியாது, சனம் வயலுக்குப் போயிருக்குமெண்டும் தெரியாது. மைனஸ் இருந்தாப் போடுங்கோ." சிரித்தாள். "சரி, ஐஞ்சே போடுங்கோ. பள்ளிக்கூடத்திலயும் எனக்கு ஒருத்தரும் முழுப்புள்ளி தரேல்லை."

ஏழு பேருக்கும் எல்லாக் கேள்விக்கும் ஐந்து போட்டேன். நாற்பது நிமிடத்தில் முடிந்தது.

இரண்டு மாதம் கழித்து, தூரத்து மாங்குளம் பகுதியையும் அவளுடைய பட்டியலில் சேர்த்தார்கள். அவளுக்கு ஏழு வயதில் ஒரு மகள். கணவர் இல்லை. ரியூசன் விட்டதும் பிள்ளையை ஏற்ற வேறு யாரும் இல்லை. அவள் திரும்பிவரப் பிந்தியதால், ஒரே கிழமையில் மூன்று நாள் அந்தப் பிள்ளை ரியூசன் வகுப்பின் பூட்டிய வாசல் படலையில் தனியே நின்றது.

அவள் முகாமையாளரிடம் போனாள். கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"மிஸ், உங்கட பதிலைப் பாத்துத்தான் தந்திருக்கினம். சுமை இல்லையெண்டு நீங்கள்தானே போட்டிருக்கிறீங்கள்? உங்கட ஊழியர் இலக்கத்தோட கிடக்கு."

நான் எழுந்து உள்ளே போயிருக்க வேண்டும். பேனையை மூடி வைத்தேன்.

"ஓம் சேர். நான்தான் போட்டனான்" என்றாள் அவள்.

மற்றவர் படிவத்தை நிரப்பியது தெரிந்தால் என் வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த மாத முடிவில் அவள் விலகினாள். மேசையைத் துடைத்து, லாச்சியைப் பூட்டி, அதன் திறப்பை என்னிடம் தந்தாள்.

"இப்பவும் போய்ச் சொல்லட்டா?" என்று கேட்டேன்.

"விடுங்கோ அக்கா. உங்களுக்கும் பிள்ளையள் இருக்கு."

திறப்பை என் பைக்குள் போட்டேன். அவள் அப்படித்தான் சொல்வாள் என்று தெரிந்துகொண்டே கேட்டேன். அது அவளுக்கும் விளங்கியிருக்கும். ஹெல்மெட்டை மாட்டிப் புறப்படும்வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.