எந்தக் கன்னத்தில்?

பசுவந்தனை துணை சுகாதார நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பல நாட்டு நர்ஸுகளுக்கு நான் எழுதும் பாடத்துக்கு இங்கேதான் முதல் சோதனை. கரிசலில் களையெடுத்துவிட்டு வந்த ஒரு பெண்ணிடம் பாடத்தின் முதல் கேள்வியைக் கேட்கிறேன்.

“புகையிலைப் பழக்கம் உண்டா?”

“அதெல்லாம் கிடையாது சார்.”

நர்ஸ் செல்வி சிரிக்கிறார். “களையெடுக்கையில பொயிலைய எந்தக் கன்னத்துல அடக்குவிய, அக்கா?”

“அது வேலை நேரத்துக்குத்தான தாயி. இடது பக்கம்.”

டார்ச் அடித்தால் இடது கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டு; கவனிக்காமல் விட்டால் புற்றாக மாறக்கூடியது. “இப்பமே பாத்தாச்சு, சரியாக்கிரலாம்” என்று செல்வி பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதுகிறார். என் முதல் கேள்வியை நான் அடித்துவிடுகிறேன்.

“அடுத்த மாசம் வெளிநாட்டு நர்ஸுகளுக்கு நீங்களே ஆன்லைன்ல வகுப்பெடுங்க” என்கிறேன்.

“எடுத்துட்டாப் போச்சு சார். அவிய ஊர்ல பொயிலைய எங்கன அடக்குதாவன்னு மொதல்ல கேட்டுக்கிடுதேன்.”