எதுவும் ஆகாது என்று சொல்லாதவர்

வெடிச்சத்தம் கேட்டால் கை நடுங்குகிறவள் சிவகாசிப் பக்கம் குடியிருக்கக் கூடாது. இங்கே எந்தச் சத்தத்தை எதற்கென்று பிரிப்பது? புதுச் சரக்கு சரியாக வெடிக்கிறதா என்று போட்டுப் பார்ப்பார்கள். குவாரியில் பாறைக்கு வெடி வைப்பார்கள். கல்யாணம், சாவு, கோயில் கொடை, சர்ச் திருவிழா, கட்சிக்காரர் வருகை, எல்லாவற்றுக்கும் சரம் கொளுத்துவார்கள். போதாததற்கு ஐப்பசியில் இடி வேறு.

நான் திருத்தங்கலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் கணவர் ஒரு பட்டாசு ஆபீஸில் போர்மேன். பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மேஜை, நாற்காலி, ஃபேன் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் பொட்டல் காட்டில் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் கேட்டில் கொடுத்துவிட்டு, வேலை முடிந்து வரும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். விதி நல்ல விதிதான். ஆனால் அந்த விதி என்னை என்ன பாடுபடுத்தியது என்பது எனக்குத்தான் தெரியும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மத்தியானம், பின்னங்களைக் கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. பிள்ளைகள் எழுந்து ஜன்னலுக்கு ஓடினார்கள். மேற்கே புகை. எந்தப் பக்கம் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள், பாதிப் பேருக்கு அப்பாவோ அம்மாவோ அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள். நான் அவருக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? போன் கேட்டில் கிடக்கிறது. சாயங்காலம் வரைக்கும் போட்டுக்கொண்டே இருந்தேன்.

பொழுது சாயும் நேரத்துக்கு வந்தார். குளித்தார். சோறு கேட்டார்.

"பக்கத்து ஆபீஸு. நம்ம ஆபீஸுக்கு ஒண்ணும் இல்ல. நான் பேக்கிங் ரூம்ல இருந்தேன்" என்றார்.

அவ்வளவுதான். அந்தப் பக்கத்து ஆபீஸில் உயிர்கள் போயிருந்தன. ஒரு வாரம் ஊர் அதையே பேசியது. அப்புறம் ஆர்டர் நிற்கிறது என்று எல்லாரும் வேலைக்குப் போனார்கள். அவரும் போனார். நானும் பின்னத்தை விட்ட இடத்திலிருந்து நடத்தினேன்.

அந்தப் பயம் எனக்கு உடனே வரவில்லை. சில மாதம் கழித்து, ஒன்றும் நடக்காத ஒரு நாளில்தான் ஆரம்பித்தது. எங்கேயோ சரம் வெடித்தது. கை சில்லிட்டது, நெஞ்சு அடித்தது, போனை எடுத்தேன். அன்றிலிருந்து எந்தச் சத்தம் கேட்டாலும் போன். அவர் எடுக்க மாட்டார் என்று தெரிந்ததால் கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன். பாவம், அந்த மனிதர் முதலில் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "சார் நல்லா இருக்காருங்க டீச்சர்." போகப் போக, நான் வாயைத் திறக்கும் முன்பே, "இருக்காரு டீச்சர், இப்பத்தான் வடை தின்னாரு" என்று சொல்லி வைத்துவிடுவார். வடை தின்றது நிம்மதியாக இருக்கும். கொஞ்ச நேரம்தான். வடை தின்ற பிறகு என்ன ஆனது என்று அடுத்து தோன்றும்.

அதோடு வயிற்றுவலி. டாக்டரிடம் போனேன். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். "எல்லாம் நார்மல், கவலைப்படாதீங்க" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நார்மலாக இருக்கிற வயிறு ஏன் வலிக்கிறது என்று கேட்டால் அதற்கும் கவலைப்படாதீங்க என்றுதான் பதில்.

ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். தலைமையாசிரியை, "லீவு போட்டு ஊட்டிக்குப் போயிட்டு வாங்க" என்றார். ஊட்டியிலிருந்து திரும்பி இதே திருத்தங்கலுக்குத்தானே வர வேண்டும்? என் மதினி, அதாவது அவருடைய அக்கா, சர்ச்சில் சொல்லி ஜெபக்குழுவை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். நல்ல மனுஷிகள், எனக்காகக் கண்ணீர் விட்டு ஜெபித்தார்கள். நானும் மனதார ஆமென் சொன்னேன். ஆனால் அத்தனை பேருக்கும் காபி போட்டுக் கொடுத்து, எனக்கு என்ன கோளாறு என்று தெருவுக்கே தெரிந்து, அவர்கள் கிளம்பிய பிறகு, கதவைச் சாத்தியதும் நான் செய்த முதல் காரியம் வாட்ச்மேனுக்குப் போன் போட்டதுதான்.

எல்லாரும் கடைசியில் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்பார்கள். "ஒண்ணும் ஆகாது." மதினி சொன்னார், டாக்டர் சொன்னார், என் கணவர் தினமும் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆகியிருக்கிறதே. பக்கத்து ஆபீஸில் ஆனது யாருக்கு? அவர்கள் வீட்டிலும் அன்று காலையில் ஒன்றும் ஆகாது என்றுதானே சொல்லி அனுப்பியிருப்பார்கள்?

ஒருநாள் வகுப்பில் பாதிக் கணக்கில் ஒரு சத்தம் கேட்டது. சாக்பீஸை வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்ப் போன் பேசிவிட்டு வந்தேன். திரும்பி வந்தால் வகுப்பு அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. முன் பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்து, "டீச்சர், எங்கம்மாவுக்கும் போட்டுக் கேக்கீகளா?" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சில கைகள் உயர்ந்தன. அத்தனை நாளும் அவர்கள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அன்றைக்குத்தான் எனக்கு இது வயிற்றுவலி இல்லை என்று ஒப்புக்கொள்ளத் தோன்றியது.

விருதுநகரில் நர்ஸாக இருக்கும் என் சித்தி மகள் ஒரு மனநல ஆலோசகரைச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடி. சனிக்கிழமை போனேன். மாடிப்படியில் என்னிடம் முன்பு படித்த யாராவது ஒரு பிள்ளையின் அம்மா எதிரே வந்துவிடக் கூடாதே என்று சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஏறினேன்.

ஆலோசகர் ஒரு பெண், என்னைவிட வயதில் சின்னவர். பெரிய அறையும் இல்லை, சோபாவும் இல்லை. இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர்ச் செம்பு.

"சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த நேரத்துல உங்களுக்கு எப்படி இருக்கு?" என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. "எப்படி இருக்குன்னு தெரிஞ்சா நான் எதுக்கும்மா பஸ் ஏறி இம்புட்டு தூரம் வாறேன்?"

அவர் கோபப்படவில்லை. "சரி, உடம்புல எங்க தெரியுது?" என்றார். விரலில் ஆரம்பித்து நெஞ்சுக்கு வந்து வயிற்றில் போய் நிற்கிறது என்றேன். போன் பேசியதும் என்ன ஆகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, மறுபடி எப்போது வருகிறது என்று கேட்டுக்கொண்டே போனார். பள்ளிக்கூடத்தில் நான் பிள்ளைகளைக் கேட்கிற மாதிரி. விடை சொல்லாமல் கேள்வியாகவே கேட்டால் பிள்ளைகளுக்கு எவ்வளவு கடுப்பாக இருக்கும் என்று அன்றைக்குப் புரிந்தது.

கடைசியில் பொறுக்க முடியாமல் நானே கேட்டேன். "ஒண்ணும் ஆகாதுன்னு நீங்களும் சொல்லப் போறீகளா?"

"இல்ல. அது எனக்குத் தெரியாது" என்றார். "அவர் பாக்கறது ஆபத்தான வேலைதான். உங்க பயம் தப்புன்னு நான் சொல்லல. ஆனா நீங்க போன் போடறதால அவருக்குப் பாதுகாப்பு கூடுதா?"

சட்டென்று அழுகை வந்துவிட்டது. பயப்படாதே என்று சொல்லாத ஒரு ஆளை அத்தனை மாதத்தில் அன்றுதான் பார்த்தேன். அதற்காகவே அடுத்த சனிக்கிழமையும் போனேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர், "எதுக்கு அங்கன போயி யாரோ ஒருத்தர்ட்ட பேசணும்? என்கிட்ட பேசு" என்றார்.

"உங்ககிட்ட பேசுனா எங்க கேக்கீக? டிவியப் பாத்துக்கிட்டே ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுவீக."

"சரி, போ" என்று டிவிப் பக்கம் திரும்பினார்.

அந்த ஆலோசகர் எனக்குக் கொடுத்த வேலை கேட்க எளிதாக இருந்தது. சத்தம் கேட்டால் உடனே போனை எடுக்காமல், கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும். முதலில் கையில் இருக்கிற கணக்கு முடிகிற வரை. அப்புறம் பீரியட் முடிகிற வரை. பயம் ஏறட்டும், அதைப் பார்த்துக்கொண்டிருங்கள், அது தானாகவே இறங்கும் என்றார். இறங்கவில்லை என்று அடுத்த வாரம் சண்டைக்குப் போனேன். எவ்வளவு நேரம் பொறுத்தீர்கள் என்றார். பொறுக்கவே இல்லை, எடுத்துவிட்டேன் என்றேன். சிரிக்காமல், "அப்போ மறுபடி முயற்சி பண்ணுவோம்" என்றார். இப்படியே பல சனிக்கிழமை போனது. ஒரு வாரம் முன்னுக்கு வந்தால் அடுத்த வாரம் பின்னுக்குப் போவேன். ஒரு சூத்திரத்தைப் போட்டால் விடை வர வேண்டும் என்று பழகிய எனக்கு இது பெரிய தொல்லை.

ஒரு கட்டத்தில் என் கணவரையும் அழைத்து வரச் சொன்னார். அதற்கு ஒரு மாதம் ஆனது. சீசன், லோடு, இன்ஸ்பெக்‌ஷன் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம். தீபாவளி முடிந்த பிறகுதான் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். இவளுக்குத்தான்" என்றார், உட்கார்ந்த உடனே.

"சரிங்க. அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

பேக்கிங் ரூம் என்று சொல்லப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் ஹெல்மெட்டின் வாரைக் கழற்றினார், மாட்டினார்.

"பக்கத்து ஆபீஸுக்குத்தான் ஓடுனேன்" என்றார். "சத்தம் கேட்ட உடனே சுவரு தாண்டிக் குதிச்சோம். நானும் இன்னும் ரெண்டு பேரும். வெளிய தூக்கிட்டு வந்தோம். ஒருத்தரு எங்கூட டீக்கடையில நிக்கிறவரு. என் கையிலதான்."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அத்தனை நாள் இவர் எந்த அறையில் இருந்தார், எவ்வளவு தூரத்தில் இருந்தார் என்று மனதுக்குள் படம் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அந்தப் படமே பொய்யா?

வெளியே வந்து பைக்கில் ஏறிய பிறகுதான் வாய் திறந்தேன். "ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பயப்படுவ."

"சொல்லாம இருந்ததால நான் ரொம்பத் தைரியமா இருந்தேனாக்கும்?"

அவர் வண்டியைக் கிளப்பினார். வழியில் ஆமத்தூர் வந்தது. அங்கே ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று துடைத்துக்கொண்டார். தூசி இல்லை என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். அப்புறம் இறங்கிப் போய், அவர் முதுகில் கை வைத்தேன். ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள்.

அதன் பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் கேட்டுக்கு வந்து எனக்குப் போன் போடுவார். அதற்கு முன்னும் பின்னும் நான் போட மாட்டேன், வாட்ச்மேனுக்கும் போட மாட்டேன். எப்போதாவது மறந்துபோய்ச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார். அன்று வீட்டில் திட்டு மழைதான். ஆனால் எங்கே என்ன நடந்தது என்று இப்போது கேட்டால் சொல்கிறார். மருந்து கலக்கிற அறையில் சூடு அதிகமாக இருந்ததால் வேலையை நிறுத்தச் சொன்னதையும், அதில் முதலாளிக்குக் கோபம் என்பதையும் சொல்கிறார். கேட்கப் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அவர் சொல்கிற பயம், நானாகக் கற்பனை செய்கிற பயத்தைவிடச் சின்னதாக இருக்கிறது.

போன வாரம்கூட ஒரு சத்தம். ஜன்னல் அதிர்ந்தது. விரல் சில்லிட்டது. நான் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி, சாக்பீஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, போட்டுக்கொண்டிருந்த கணக்கை முடித்தேன். ஒரு வரியில் தப்பாகக் கூட்டிவிட்டேன், பிள்ளைகள் திருத்தினார்கள். அது சாத்தூர் பக்கம் குவாரி வெடி என்று பிறகு தெரிந்தது. தெரிவதற்கு முன்பே நெஞ்சடிப்பு இறங்கியிருந்தது. இறங்கியதை நானே பார்த்தேன்.

பயம் போய்விட்டதா என்று மதினி கேட்டார். போகவில்லை என்றேன். அப்புறம் எதற்கு இத்தனை சனிக்கிழமை என்றார். அவருக்குப் பதில் சொல்லி முடிக்க என்னால் ஆகாது என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

இப்போது என் எரிச்சலெல்லாம் வேறு பக்கம். இந்த மாதம் என் கணவர் தனியாகவே விருதுநகருக்குப் போய் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தார். என்னிடம் சொல்லாமல் போகவில்லை, சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் வீட்டுக்கு வர எவ்வளவோ நேரம் ஆகிவிட்டது.

"என்ன பேசினீக?" என்றேன்.

"சும்மா பேசிக்கிட்டு இருந்தோம்."

அடுத்த சனிக்கிழமை நான் ஆலோசகரிடமே நேராகக் கேட்டேன். "உங்க வீட்டுக்காரர் சொன்னதை நான் உங்ககிட்ட சொல்லக் கூடாதுங்க. அவர்கிட்டயே கேளுங்க" என்றார். வீட்டுக்காரரைக் கேட்டால் சும்மா என்கிறார். ஆலோசகரிடம் போனால் அவரிடம் போகச் சொல்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் பஸ்ஸுக்கு நிற்கிறேன்.

அன்று வர ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்பது மட்டும் நேற்றுத் தெரிந்தது. பேசி முடித்து இறங்கியதும் பசித்ததாம். கடையில் உட்கார்ந்து எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டாராம். ரொம்ப நாளைக்கு அப்புறம் ருசித்துச் சாப்பிட்டேன் என்றார்.

எனக்கும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வர அவருக்குத் தோன்றவில்லை பாருங்கள்.