அப்பா போன தவறணை

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வாய் ஒருநாள் அப்பாவின் பிழைப்பையே கெடுக்கப் பார்த்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. மலையகத்தில் டயகமப் பக்கம் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையமொன்றிலிருந்து ஒரு மிஸ் வருவதாக இருந்தது. எவ்வளவு மழை பெய்தால் தேயிலை மலையில் எவ்வளவு மண் கரைகிறது, எப்போது சரியும் என்று பார்க்கிற நிலையம். எங்கள் லயத்து வீட்டு வாசலில் ஒரு மழைமானியை நட்டு, தினமும் காலையில் அளவைக் கொப்பியில் எழுத அவர்களுக்கு ஓர் ஆள் வேண்டும். தோட்டத்து ஐயா அப்பாவின் பெயரைக் கொடுத்திருந்தார்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனுஷன், என் பழைய கொப்பியில் இலக்கங்களை எழுதி எழுதிப் பார்த்தார். "கம்பஸ்காரங்க நம்மள நம்பி ஒரு வேல தர்றாங்க, புள்ள" என்று அம்மாவிடம் ஒரு வாரமாக இதே பேச்சுத்தான்.

சொன்ன நேரத்துக்கு வெகு முன்பே மிஸ் வந்துவிட்டார். பள்ளி விடுமுறை என்பதால் வீட்டில் நான் மட்டும் இருந்தேன். மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் பேசுவதைக் கேட்கவே எனக்கு ஆசையாக இருந்தது.

"அப்பா எங்க பிள்ளை?"

"தவறணையில இருக்காருங்க மிஸ்."

"காலமையேவோ?"

"ஆமாங்க. விடிஞ்சதும் போனா பொழுது சாஞ்சுதான் வருவாரு."

"ஒவ்வொரு நாளுமோ?"

எங்கள் வீட்டுக் கதையை இவ்வளவு அக்கறையாக அதுவரை யாரும் கேட்டதில்லை. விடுவேனா? "தெனமும்தாங்க! தோட்டத்துத் தொரையே பேரு போட்டு அனுப்புவாரு. நான் வயித்துல இருந்தப்ப அம்மாவும் அங்கதான் இருந்தாங்களாம்."

மிஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொதியை எடுத்துக் கொடுத்து என் தலையைத் தடவினார். பிறகு, திறந்து வைத்திருந்த மழைமானிப் பெட்டியை மூடினார். நான் பிஸ்கட்டைத் தின்றேன்.

பகலில், பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு அம்மா வந்தார்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. குடிக்கிற ஆளிட்ட இதை நம்பிக் குடுக்கேலாது. வேற ஆரையாவது பாக்கிறன்" என்றார் மிஸ்.

கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்தேன். ஒரு வாரமாக இலக்கம் எழுதிப் பழகிய அப்பாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"யாருங்க சொன்னா?" என்றார் அம்மா.

"பிள்ளைதான் சொன்னவ. நாள் முழுக்கத் தவறணையிலயாம்."

அம்மா வெடித்துச் சிரித்தார். "அடி வாயாடி!" என்று என் தலையில் ஒரு குட்டு. "வாங்க மிஸ், அந்தத் தவறணைய நான் காட்டுறேன்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

வலைப்பந்தலின் கீழ் வரிசை வரிசையாகத் தேயிலைக் கன்றுகள். நடுவில் அப்பா குந்தியிருந்து பொலித்தீன் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார். எங்களுக்குத் தவறணை என்றால் நாற்று வளர்க்கும் இடம்; பிள்ளைத்தாச்சிகளுக்கும் அங்கேதான் லேசான வேலை கொடுப்பார்கள். மிஸ்ஸின் ஊரில் அது கள்ளு விற்கும் இடமாம்.

"ஐயோ அண்ணை, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ!" மிஸ்ஸுக்குச் சிரிப்பும் வெட்கமும் தாங்கவில்லை.

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மழைமானிய கொண்டாந்துட்டீங்களா மிஸ்?" என்றுதான் கேட்டார். அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அன்றைக்கே அதை வாசலில் நட்டார்கள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். ஒன்றை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். மிஸ் "குடிக்கிற ஆள்" என்றதும் அம்மா மறுத்துப் பேசவில்லை. கூடையோடு அப்படியே படியில் உட்கார்ந்து, தனக்குத்தானே, "திரும்பவுமா?" என்றார். அன்று அம்மா கண்ணீர் வரச் சிரித்ததெல்லாம் அந்த வார்த்தை வேடிக்கைக்காகத்தான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.