கழுதை அவர்களின் கட்டுரை

எட்டாம் ஆண்டில் தகவல் கட்டுரை எழுதச் சொன்னார்கள். முன்னுரை, நடுப்பகுதி, முடிவுரை என்று டீச்சர் கரும்பலகையில் மூன்று பெட்டி வரைந்தார். நன்றாக எழுதுபவர் காலைக் கூட்டத்தில் வாசிக்கலாம் என்றார். நான் அதுவரை எதற்குமே மேடையேறாதவள். இந்த முறை விடுவதில்லை என்று, கற்பிட்டி வீதியை மறித்து நிற்கும் கழுதையைத் தலைப்பாக எடுத்தேன்.

கழுதையைப் பற்றி எக்கச்சக்கமாகத் தெரிந்திருந்தது. எதை முதலில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

உம்மாவின் அண்ணன்தான் கைகொடுத்தார். மாமா ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஆனாலும் ஊரில் யாராவது மௌத்தானால், இறந்தவரைப் பற்றிய ஜனாஸா அறிவித்தலைத் தானே துண்டுத் தாளில் எழுதி, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வாசிப்பவர் அவர்தான்.

"சனம் வேலைக்கு மத்தியில ஒரு நிமிசந்தான் காது குடுக்கும் மகள். ஆரு, ஆருட சொந்தம், எந்த இடம். இத முதல்ல சொல்லிரணும். மத்தக் கதையெல்லாம் பொறகு," என்றார்.

பளிச்சென்று விளங்கியது. கொஞ்சம் கூடுதலாகவே விளங்கிவிட்டது. "கற்பிட்டியை வசிப்பிடமாகக் கொண்ட கழுதை அவர்கள்" என்று தொடங்கினேன். "அன்னார் குதிரையின் சகோதரரும், கோவேறு கழுதையின் அன்புத் தந்தையுமாவார்" என்று தொடர்ந்து, "இத்தகவலை உற்றார் உறவினருக்கு அறியத்தருகிறோம்" என்று முடித்தேன்.

டீச்சர் அதை வகுப்பில் வாசித்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு வெட்கத்தில் அழுகை முட்டியது.

"ஒழுங்கு அப்பிடியே சரி," என்றார் டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மௌத்து அறிவித்தல் சொல்ல மட்டும் மாத்திட்டு வாங்க. நாளைக்கு நீங்கதான் வாசிக்கணும்."

மாற்றினேன், வாசித்தேன், கைதட்டலும் கிடைத்தது.

அன்று பின்னேரம் மாமா வந்தார். "எப்பிடி மகள், நம்மட முறை சரிவந்ததா?"

வகுப்பின் சிரிப்பு இன்னும் என் காதுக்குள் இருந்தது. "இல்ல மாமா. அது பிழையாப் போச்சு. டீச்சர்தான் எல்லாத்தையும் மாத்தித் தந்தா," என்றேன்.

"ஓம், படிச்சாக்கள்ட முறை வேறதானே," என்று தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த மௌத்தின்போது, பள்ளிவாசலுக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டில் நின்று தாளை என்னிடம் நீட்டினார். "பிழை கிழை இருக்கா எண்டு ஒருக்காப் பாருங்க மகள்."

பிழை எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு சொற்களை வெட்டி வேறு எழுதிக் கொடுத்தேன்.

சற்று நேரத்தில் ஒலிபெருக்கி பேசியது. அத்தனை வருடமும் மளமளவென்று வாசித்த மாமா, அந்த இரண்டு இடத்திலும் தடுமாறினார். எனக்கோ, என்னுடைய சொற்களை ஊரே கேட்கிறது என்ற பெருமை தாங்கவில்லை.